ஷாத்திர்: பாராட்டா, வசையா? ஒரே வேரில் பாதியும் பக்கமும் எத்தனும் எப்படி வந்தன?

தோஹாவில் ஒருத்தி:

எல்லோருக்கும் ஸலாமும் வணக்கமும். என் மகள் இங்கே இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் அவளுடைய அரபி நோட்டில் ஆசிரியை ஒரு நட்சத்திரம் வரைந்து, பக்கத்தில் "ஷாத்திரா" என்று எழுதி அனுப்பியிருந்தார். பிள்ளை துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார் அதைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டார். ஹைதராபாத்தில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவர், உருதுப் பத்திரிகையை வரி விடாமல் படிப்பவர். "ஷாத்திர் என்றால் எத்தன் அம்மா. 'ஷாத்திர் சோர் (எத்தத் திருடன்) பிடிபட்டான்' என்றுதான் நான் படித்திருக்கிறேன். பச்சைப் பிள்ளையின் நோட்டில் இப்படியா எழுதுவார்கள்?" என்று கேட்டார். இங்கே அது கெட்டிக்காரி என்று பாராட்டும் சொல் என எவ்வளவு சொல்லியும் மனம் ஆறவில்லை.

இரவு இஷா தொழுதுவிட்டு வந்து இன்னொன்று கேட்டார். தொழும் திசையான கிப்லா மாறியதைச் சொல்லும் குர்ஆன் வசனத்தில் "ஷத்ர்" என்று வருகிறதே, அதுவும் இதே ஷீன், தா, ரா என்ற மூன்று எழுத்து வேர்தானே? அங்கே தமிழில் "பக்கம்" என்று இருக்கிறது. என் கையில் இருக்கும் சிறிய அகராதியில் ஷத்ர் என்றால் "பாதி" என்று போட்டிருக்கிறது. பாதி, பக்கம், எத்தன், கெட்டிக்காரி. இவை எப்படி ஒரே வீட்டில் குடியிருக்கின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமாவிடம் படித்துக் காட்ட வேண்டும்.

நைல்கரை மாணவன்:

முதலில் மாமாவின் மனம் குளிரட்டும். ஆசிரியை எழுதியது பாராட்டுதான், ஐயமே வேண்டாம். கெய்ரோவில் படித்த நான்கு வருடமும் இந்தச் சொல் காதில் விழாத நாள் கிடையாது. ரொட்டி வாங்கி வந்த சிறுவனுக்கும் ஷாத்திர், பேரம் பேசத் தெரிந்த அம்மாவுக்கும் ஷாத்திரா. எகிப்து, பாலஸ்தீனம், லெபனான், சிரியா எங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும்போது முதலில் வாயில் வருவது இதுதான்.

அங்கே பாட்டிமார் சொல்லும் கதைகளில் "ஷாத்திர் ஹசன்" என்று ஒரு நாயகன் உண்டு. துணிச்சலும் சமயோசிதமும் உள்ள இளைஞன். கெட்டவனுக்கு அப்படிப் பெயர் வைத்துப் பேரப்பிள்ளையைத் தூங்க வைப்பார்களா?

பழமொழிகளும் இருக்கின்றன. "கெட்டிக்காரி கழுதைக் காலை வைத்துக்கூட நூல் நூற்பாள்" என்று எகிப்தியப் பெண்கள் சொல்வார்கள். அதில் ஷாத்திரா என்ற சொல்லே வரும். "ஷாத்திர் செய்யும் ஒரு பிழை ஆயிரத்துக்குச் சமம்" என்பது இன்னொன்று. கெட்டிக்காரனிடம் பிழையை யாரும் எதிர்பார்ப்பதில்லை என்பது பொருள்.

அகராதிக்காரன்:

நைல்கரை தம்பி சொல்வது இன்றைய பேச்சு வழக்குக்கு முற்றிலும் சரி. ஆனால் சகோதரியின் மாமனாரையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய அரபியில் நின்று பார்த்தால் அவர் பக்கம்தான் சான்று கனமாக இருக்கிறது.

இப்னு மன்சூர் 1290இல் தொகுத்து முடித்த லிசானுல் அரப் என்ற பேரகராதியைத் திறந்தால், ஷாத்திர் என்பவன் தன் குடும்பத்தாரையும் தன்னைத் திருத்த வந்தவரையும் தீய குணத்தால் களைக்க வைத்தவன் என்று இருக்கிறது. அதே இடத்தில் வினைச்சொல்லும் உண்டு. "ஷதர அன் அஹ்லிஹி" என்றால் வீட்டாரோடு முரண்டு, அவர்களை மீறி விலகிப் போனான் என்று பொருள். நம் ஊரில் "தறுதலை" என்று யாரைச் சொல்வோமோ அவன்தான் அந்தக் காலத்து ஷாத்திர்.

இதன் பன்மை ஷுத்தார். அப்பாசிய கலீஃபாக்கள் காலத்து பாக்தாதில் இது ஒரு கூட்டத்தின் பெயராகவே ஆகிவிட்டது. அவர்களை அய்யாரூன் என்றும் சொல்வார்கள். 812, 813ஆம் ஆண்டுகளில் கலீஃபா அமீனுக்கும் அவருடைய சகோதரர் மஃமூனுக்கும் நடந்த போரில் பாக்தாத் முற்றுகையிடப்பட்டபோது, அமீனின் பக்கம் தெருவில் நின்று சண்டையிட்டவர்களில் பெரும்பங்கு இந்த ஏழை இளைஞர்கள். கவசம் வாங்க வழியில்லை. பேரீச்சை ஓலையால் தலைக்கவசம் முடைந்து, பாயில் கீல் பூசிக் கேடயம் செய்துகொண்டு, அரையில் ஒரு துணியோடு நின்றார்கள் என்று வரலாற்றாசிரியர் மஸ்ஊதி எழுதியிருக்கிறார். பெரும் படையைப் பல மாதம் திணறடித்தவர்கள் அவர்கள். அமைதி வந்தபோது கடைகளில் கப்பம் வசூலித்தவர்களும் இதே வகையினர்தான். வணிகருக்கு அவர்கள் கொள்ளையர். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு வீரர்கள்.

14ஆம் நூற்றாண்டில் பயணி இப்னு பதூதா இப்படிப்பட்ட கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லும்போது, இராக்கில் இவர்களை ஷுத்தார் என்பார்கள், குராசானில் சர்பதார் என்பார்கள், மக்ரிபில் (வட ஆப்பிரிக்காவின் மேற்கில்) ஸுகூரா என்பார்கள் என்று பட்டியலே தருகிறார். மாமா படித்த "ஷாத்திர் சோர்" இந்தப் பழைய பொருளின் நேரடி வாரிசு. பாரசீகம் வழியாக உருதுவுக்குப் போன சொல் பழைய கறையை அப்படியே வைத்துக்கொண்டது. அரபியர் வீட்டிலோ அது கழுவப்பட்டுவிட்டது.

நெல்லை வாசகன்:

குறுக்கே ஒரு சந்தேகம். தமிழில் சதுரன் என்றால் திறமைசாலி, சதுரப்பாடு என்றால் சாமர்த்தியம். ஷாத்திர் இதிலிருந்து போயிருக்க முடியாதா? சதுரங்கம்தானே ஷத்ரஞ்ச் ஆனது? இன்னொன்றும் கேட்கிறேன். ஷத்துல் அரப் ஆற்றின் பெயரிலும் இதே வேர்தானா?

அகராதிக்காரன்:

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். ஆனால் முதல் கேள்வி அருமையான கேள்வி.

ஷத்து என்றால் கரை. அது ஷீன், தா, தா என்ற வேறு வேர், ரா அதில் இல்லை. ஆற்றை அதன் போக்கில் விட்டுவிடுவோம்.

சதுரங்கம் பாரசீகத்தில் சத்ரங் ஆகி, அரபியில் ஷத்ரஞ்ச் ஆனது உண்மை. வெளியிலிருந்து வந்த சொல் என்று தெரியாமல், இரண்டு பேர் பலகையை ஆளுக்குப் பாதியாகப் பகிர்வதால் "ஷத்ர்" வேரிலிருந்து வந்தது என்று சொல்லிப் பார்த்த அரபு அகராதிக்காரர்களும் உண்டு. பாரசீகத்திலும் உருதுவிலும் ஷாத்திர் என்ற சொல்லுக்குச் சதுரங்கம் ஆடுபவன் என்றே ஒரு பொருள் இருக்கிறது. ஒலி நெருக்கம் எவ்வளவு தூரம் இழுத்துப் போகிறது பாருங்கள். ஆனால் ஷாத்திர் அரபியிலேயே முளைத்த சொல். வடமொழியில் கூட, திறமையைச் சொல்லும் சதுர வேறு, நான்கைச் சொல்லும் சதுர் வேறு.

மஹல்லா உஸ்தாத்:

வசனத்தைப் பற்றிக் கேட்டதால் அந்தப் பகுதியை மட்டும் எழுதுகிறேன். மதீனாவுக்கு வந்த பிறகு நபி (ஸல்) அவர்கள் 16 அல்லது 17 மாதம் ஜெரூசலத்தில் உள்ள பைத்துல் முகத்திஸை நோக்கித் தொழுதார்கள் என்று புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பிறகு அல்பகரா அத்தியாயத்தின் 144ஆம் வசனம் இறங்கியது: உம் முகத்தை மஸ்ஜிதுல் ஹராமின் (மக்காவில் கஅபா இருக்கும் பள்ளியின்) ஷத்ர் திருப்புவீராக. 144, 149, 150 ஆகிய மூன்று வசனங்களில் இந்தச் சொல் ஐந்து முறை வருகிறது. குர்ஆனில் வேறெங்கும் இல்லை. ஐந்து இடத்திலும் பொருள் திசை, பக்கம்.

ஹதீஸில் பாதி என்ற பொருளில் வரும். "தூய்மை ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஷத்ர்" என்பது முஸ்லிம் தொகுப்பில் உள்ள பெயர்பெற்ற நபிமொழி. கைபர் நிலங்களை அங்கிருந்த யூதர்களிடமே விட்டு, விளைச்சலில் ஷத்ர், அதாவது பாதி தர வேண்டும் என்று ஒப்பந்தம் செய்ததும் ஹதீஸில் இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சரிபாதி வாரம். உமர் (ரலி) அவர்கள் தம் ஆளுநர்களிடம் அளவுக்கு மேல் செல்வம் சேர்ந்ததைக் கண்டபோது அதில் பாதியைப் பொதுக் கருவூலத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். வரலாற்றாசிரியர்கள் அதற்குப் பயன்படுத்தும் வினை "ஷாதர", பாதியாகப் பகிர்ந்தார்.

ஆக ஒரு மூமின் வாயில் இந்த வேர் நாள்தோறும் புழங்குவதுதான். சகோதரியின் மாமனார் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக் கேட்டது பெரிய விஷயம். என் மத்ரஸாவில் இருபது வருடத்தில் ஒரு மாணவரும் இதைக் கேட்டதில்லை.

யாப்பு விரும்பி:

கவிதைக்காரர்களுக்கு ஷத்ர் என்றால் உயிர். அரபுக் கவிதையில் ஒரு அடிக்கு பைத், அதாவது கூடாரம் என்று பெயர். கூடாரத்தின் இரண்டு பாதியில் ஒவ்வொன்றும் ஒரு ஷத்ர். நடுவில் ஓர் இடைவெளி விட்டுத்தான் அச்சிடுவார்கள். ரஜஸ் என்ற சந்தத்தில் பாதி அடியையே முழு அடியாக வைத்து எழுதினால் அதற்கு மஷ்தூர், பாதியாக்கப்பட்டது என்று பெயர். இன்னும் அழகானது தஷ்தீர். பழைய கவிஞர் ஒருவரின் அடியை எடுத்துக்கொண்டு, அவருடைய முதல் பாதிக்குத் தம் இரண்டாம் பாதியையும், அவருடைய இரண்டாம் பாதிக்குத் தம் முதல் பாதியையும் கோத்து ஒன்றை இரண்டாக்குவது. செத்துப்போனவரோடு மாறி மாறிப் பேசுவது போன்ற கலை அது.

இனி மூலக் கேள்விக்கு வருகிறேன். 1004இல் மறைந்த இப்னு ஃபாரிஸ், அரபு வேர்களின் அடிப்படைப் பொருளைத் தேடுவதையே வேலையாக வைத்திருந்தவர். இந்த வேரைப் பற்றி அவர் தெளிவாகச் சொல்கிறார்: இதற்கு இரண்டு மூலங்கள். ஒன்று பாதி. மற்றது தொலைவும் எதிர்நோக்கலும். "ஷதீர்" என்றால் தூரத்தவன், அயலான். எனவே எத்தன் இரண்டாவதிலிருந்து வந்தவன், விலகிப் போனவன். பாதியோடு அவனுக்கு உறவே கிடையாது. எல்லாவற்றையும் ஒரே நூலில் கோக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. தமிழில் நாம் குடிக்கும் பாலும் அறத்துப்பாலும் ஒன்றா?

அகராதிக்காரன்:

யாப்பு விரும்பி ஐயா, நீங்கள் எடுத்த எடுத்துக்காட்டையே நான் கையில் எடுக்கிறேன். குடிக்கும் பால் வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்றப் பாலைக் கொஞ்சம் பாருங்கள். அறத்துப்பால் என்றால் பகுதி. ஆண்பால், பெண்பால் என்றால் பிரிவு. தென்பால் என்றால் திசை. "அவன்பால் அன்பு" என்றால் அவனை நோக்கி. பகுத்தல் பகுதியாகி, பகுதி பக்கமாகி, பக்கம் திசையாகி, திசை நோக்கலாகிவிட்டது. உஸ்தாத் சொன்ன வசனத்தைப் "பள்ளியின்பால் முகம் திருப்பு" என்று தமிழாக்கினால் ஷத்ர் என்ற சொல்லின் முழு வழித்தடமும் அதற்குள் அப்படியே உட்கார்ந்துவிடும். ஒரு பொருளை இரண்டாகப் பிளந்தால் இரண்டு பக்கம் பிறக்கிறது. நீ ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் உனக்கு எதிரே, உன்னை விட்டு விலகி இருக்கிறது. தொலைவும் எதிர்நோக்கலும் பாதியிலிருந்து பிறப்பதற்கு இதைவிட இயல்பான வழி எது?

அரபியிலேயே பாலம் போட்ட சொல் ஒன்று இருக்கிறது. மாறுகண் உள்ளவரைப் பற்றி "ஷதர பஸருஹு" என்பார்கள். உன்னைப் பார்ப்பது போலவும் இன்னொருவரைப் பார்ப்பது போலவும் இருக்கும் பார்வை. பாதியும் அங்கே இருக்கிறது, திசையும் அங்கே இருக்கிறது. இதை எந்த மூலத்தில் சேர்ப்பீர்கள்?

என் முடிவு: குடும்பம் ஒரு முழு என்றால், அதிலிருந்து பிளந்து தன் பக்கம் போனவன் ஷாத்திர். இப்னு ஃபாரிஸை நான் மதிக்கிறேன். இந்த இடத்தில் அவரோடு உடன்படவில்லை.

யாப்பு விரும்பி:

மாறுகண் சான்று எனக்குப் புதிது. அதை நான் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பாதியும் திசையும் ஒரே மூலம் என்பதை இனி மறுக்கமாட்டேன். ஆனால் எத்தன் அந்தப் பாதியிலிருந்து வந்தான் என்பதற்கு உங்கள் விளக்கம் அழகாக இருக்கிறதே தவிர நிரூபணம் ஆகவில்லை. அழகான விளக்கங்களைக் கண்டுதான் நான் அஞ்சுகிறேன். ஷத்ரஞ்சுக்குச் சொன்னவர்களும் அழகாகத்தான் சொன்னார்கள்.

சாலிஹ் ஒட்டகப் பண்ணை:

நான் சவூதியில் ஒட்டகப் பண்ணையில் ஆறு வருடம் இருந்தவன், பெரிய படிப்பு இல்லை. பெண் ஒட்டகத்துக்கு நான்கு காம்பு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒவ்வொரு இணையும் ஒரு ஷத்ர் என்று எங்கள் முதலாளியின் தகப்பனார் சொல்வார். குட்டிக்கு ஓர் இணையை விட்டுவிட்டு மற்றதைக் கறப்போம். வாழ்க்கையில் எல்லாம் பார்த்த கிழவர்களைக் காட்டி, "காலத்தின் எல்லா மடியையும் கறந்தவர்" என்பார். அதில் வரும் சொல் "அஷ்துர்", ஷத்ரின் பன்மை. அனுபவசாலிக்கும் கெட்டிக்காரனுக்கும் தூரம் அதிகமா என்ன? எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

தோஹாவில் ஒருத்தி:

அண்ணன் சொன்னதைப் படித்ததும் மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஒன்று இன்னும் தெளிவாகவில்லை. வசையாக இருந்த சொல்லைப் பாராட்டாக மாற்றியது யார்? ஒருநாள் காலையில் அம்மாக்கள் கூடி முடிவு செய்திருக்க மாட்டார்களே.

நைல்கரை மாணவன்:

கதைகள்தான் மாற்றின என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆயிரத்தொரு இரவுகளில் பாக்தாத், கெய்ரோ எத்தர்களின் கதைகள் வருகின்றன. கில்லாடிக் கிழவி தலீலா, பாதரசம் என்று பட்டம் பெற்ற அலீ ஸைபக். காவல் தலைவனின் மூக்குக்குக் கீழேயே திருடிவிட்டு, கடைசியில் அந்தக் காவல் பதவியிலேயே போய் அமர்கிறவர்கள். காப்பிக்கடையில் கதை கேட்ட ஏழை யார் பக்கம் நின்றிருப்பான்? வரி பிடுங்கும் அதிகாரியின் பக்கமா? அந்தக் கடையில்தான் ஷாத்திர் வசவிலிருந்து செல்லமானான். "அட, நீ பெரிய திருடன்!" என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளும் தாய் எல்லா ஊரிலும் இருக்கிறாள். கிள்ளக் கிள்ள வசவு தேய்ந்து செல்லம் மட்டும் மிஞ்சிவிட்டது.

ஐரோப்பாவில் போக்கிரி நாயகன் தன் கதையைத் தானே சொல்லும் நாவல் வகைக்கு, இன்றைய அரபு விமர்சகர்கள் "அதபுஷ் ஷுத்தார்", ஷாத்திர்களின் இலக்கியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இலக்கியக் கட்டுரையில் பழைய பொருளும் குழந்தையின் நோட்டில் புதிய பொருளுமாக இரண்டும் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன.

அகராதிக்காரன்:

கதைகளோடு கால்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரசீகத்திலும் உஸ்மானிய அரசிலும் ஷாத்திர் என்றால் அரசரின் குதிரையோடு கூடவே ஓடும் ஓட்டக்காரர். அது ஒரு பதவி. 17ஆம் நூற்றாண்டில் இஸ்பஹானில் அந்தப் பதவிக்கு வைத்த தேர்வைப் பிரெஞ்சுப் பயணி ஷார்தான் விவரித்திருக்கிறார். அரண்மனை வாசலுக்கும் நகருக்கு வெளியே இருந்த குறிக்கும் இடையே பகல் முழுக்க ஓடி, சுற்றுக்கு ஒன்றாக 12 அம்புகளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஈரானில் இன்றும் ரொட்டிக் கடையில் சூடான அடுப்புக்கு முன் நின்று மாவை உள்ளே இடும் தலைமைக் கைக்காரருக்கு ஷாத்தேர் என்றே பெயர்.

சூஃபிகளும் இந்தச் சொல்லைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். இறைவனை நோக்கி மற்றவரைவிட விரைந்து போகிறவர்கள் என்ற பொருளில் ஷத்தாரிய்யா என்று ஒரு தரீக்கா, அதாவது சூஃபி வழி, இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்த ஷா அப்துல்லா ஷத்தாரி மாண்டுவில் அடங்கியிருக்கிறார். அந்த வழியில் வந்த முஹம்மது கௌஸின் அடக்கத்தலம் குவாலியரில் இருக்கிறது. பாடகர் தான்சேன் அதன் அருகிலேயே அடங்கியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் அப்துர் ரவூஃப் சிங்கிலி அந்தத் தரீக்காவை சுமத்ராவின் ஆச்சே வரை கொண்டு சேர்த்தார். எத்தனின் சுறுசுறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அவனுடைய திருட்டை விட்டுவிட்ட இவர்களுக்கும் இந்த மாற்றத்தில் பங்கு உண்டு.

நெல்லை வாசகன்:

தமிழில் இது தலைகீழாக நடந்திருக்கிறது என்று இப்போதுதான் உறைக்கிறது. "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்" என்கிறது 671ஆம் குறள். அங்கே சூழ்ச்சி என்றால் ஆழ்ந்து ஆராய்வது, ஓர் அமைச்சருக்கு இருக்க வேண்டிய நல்ல குணம். இன்று யாரையாவது சூழ்ச்சிக்காரர் என்று சொல்லிப் பாருங்கள்! அவர்கள் தெருவிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக் குளிப்பாட்டி வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நாம் அவையில் இருந்த சொல்லை வெளியே தள்ளிவிட்டோம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம்.

நைல்கரை மாணவன்:

சாப்பாட்டையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சாண்ட்விச்சுக்கு இன்று அரபியில் ஷதீரா என்ற சொல் உண்டு, பிளந்த ரொட்டி. கெய்ரோ மொழி அகாதமி "ஷாத்திரும் மஷ்தூரும் (பிளப்பதும் பிளக்கப்பட்டதும்) நடுவே புதியதும்" என்று நீளமாக ஒரு சொல் செய்ததாகச் சொல்வது அகாதமியைக் கேலி செய்யக் கட்டிய கதை, நம்பாதீர்கள். அணுப்பிளவுக்கும் இன்ஷிதார் என்று இதே வேர்தான்.

குவைத் 22 வருடம்:

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவருகிறேன். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் என் வாப்பா ஊரில் மௌத்தானார்கள். விடுப்பு கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. திரும்பி வேலைக்கு வந்த அன்று, என் பிரிவில் இருந்த எகிப்தியர்களும் சிரியர்களும் சேர்ந்து ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு என் மேசையில் வைத்திருந்தார்கள். பேச்சு அரபி எனக்கு வரும், எழுத்து அரைகுறை. "அஹ்ஸான்" என்றால் துக்கங்கள் என்று தெரியும். அதற்கு முன்னால் "நுஷாதிருக்கும்" என்று ஒரு சொல். அனுதாபம் தெரிவிக்கும் வழக்கமான சொல் போலிருக்கிறது என்று மடித்துப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிட்டேன்.

உஸ்தாத் எழுதிய உமர் (ரலி) அவர்களின் வரலாற்றில் "ஷாதர" என்று பார்த்தவுடன் எழுந்து போய் அந்தத் தாளை எடுத்தேன். அதே சொல். "உங்கள் துக்கத்தை உங்களோடு சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கிறோம்" என்றுதானே அதற்குப் பொருள்? உஸ்தாத் சொல்ல வேண்டும்.

மஹல்லா உஸ்தாத்:

ஆம் தம்பி, அதே பொருள்தான். அரபு நாட்டு இரங்கல் செய்திகளில் வழக்கமாக வரும் வாசகம்தான் என்றாலும், சொல்லுக்குள் இருப்பது பாதிதான். உங்கள் வாப்பாவுக்கு அல்லாஹ் மறுமையை ஒளியாக்கி வைப்பானாக. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் யாராவது இன்னும் உங்களோடு வேலையில் இருக்கிறார்களா?

குவைத் 22 வருடம்:

ஒருவர் இருக்கிறார், சிரியாவின் ஹலபை (அலெப்போவை) சேர்ந்தவர். நாளைக் காலை ஷிஃப்டில் பார்ப்பேன்.

தோஹாவில் ஒருத்தி:

குவைத் அண்ணன் எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டும்போது என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை. மீதியை அவரே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். "ஷாத்திரா" என்பதற்குக் கீழே, அவள் அழித்துவிடக் கூடாது என்று பேனாவாலேயே, உருதுவில் தம் பெயரையும் தேதியையும் எழுதினார். பெற்றோர் கையெழுத்துக்கான இடம் அது. ஆசிரியை என்ன சொல்வார் என்று தெரியவில்லை, நாளை நோட்டு திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.